திருகைக் கழற்றுமுன் சொன்ன விலை

என் மருமகள் வெற்றிச்செல்வியின் கடையில் பேரம் பேச வருகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். பேசட்டும், பேசிப் பார்க்கட்டும் என்று ஓரமாக ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பேன். "கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடும்மா" என்பார்கள். "பார்த்துதாங்க சொன்னேன்" என்பாள். "டவுன்ல வேற கடையே இல்லையா?" என்பார்கள். "இருக்குங்க, எதுத்தாப்பல ரெண்டு இருக்கு" என்று கையை நீட்டி வழியும் காட்டுவாள். முறைத்துக்கொண்டு போன ஆட்களில் பாதிப்பேர் சுற்றிவிட்டு இங்கேயே வந்து நிற்பார்கள். அப்போதும் அவள் முகத்தில் இளக்காரம் இருக்காது. என் முகத்தில் இருக்கும். நான் அதை மறைப்பதுமில்லை.

மாமியார் மருமகளைப் புகழ்ந்தால் யார் நம்புவார்கள்? நம்பாவிட்டால் போகட்டும். நான் அம்சவள்ளி. செட்டிகுளம் பக்கம் அடுத்தவர் காட்டில் சின்ன வெங்காயம் நட்டு, களையெடுத்து, அறுத்துக் கொட்டிப் பிழைத்த வீட்டில் பிறந்தவள். மனசில் பட்டதை மென்று முழுங்கிப் பழக்கமில்லை. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சந்தில், ஜெயப்பிரகாஷ் தம்பியின் ஜெராக்ஸ் கடையை ஒட்டி, ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவில் ஒரு லேப்டாப் ரிப்பேர் கடை இருக்கிறதே, அது எங்கள் வீட்டுப் பெண்ணின் கடை. எங்கள் வம்சத்தில் டவுனில் கடை என்று வைத்த முதல் ஆள் அவள்தான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவள் பிறந்தது ஆண்டிமடம் பக்கம். அவளுடைய அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறவள். கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரலெல்லாம் கருத்திருக்கும். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்தான் அந்த வீட்டுக்கு வந்த முதல் விலை உயர்ந்த பொருள். பாலிடெக்னிக் போகும்போது அதைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்றிருக்கிறாள். கூட்டத்தில் யாரோ ஒருவருடைய டிபன் கேரியர் அழுத்தி, திரை உடைந்துபோனது. ரிப்பேருக்குக் கொடுத்த கடையில் ஒரு விலை சொன்னார்கள். அம்மாவும் மகளும் அந்தக் காசைச் சேர்த்துக்கொண்டு போனபோது லேப்டாப் நாலு துண்டாகக் கிடந்ததாம். "கழட்டிப் பார்த்தா வேற கம்ப்ளெய்ன்ட்டும் இருக்கு" என்று இன்னொரு மடங்கு கேட்டார்களாம். கழற்றிப் போட்ட பொருளை வைத்துக்கொண்டு பேசினால் எதிரில் இருப்பவர் எங்கே போவார்? என் மருமகள் அழவில்லை. அந்தத் துண்டுகளை அப்படியே மஞ்சப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள். ஒவ்வொன்றாகப் பொருத்திப் பொருத்தித் தானே கற்றுக்கொண்டாள். படிப்பு முடிந்து திருச்சியில் ஒரு கடையில் வேலை பார்த்தாள். அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிற என் மகன் தமிழ்மாறனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த வருஷமே கடை போட்டாள்.

கடைக்கு ஒரே ஒரு சட்டம். லேப்டாப்பின் ஸ்க்ரூவை, அந்தத் திருகைக் கழற்றுவதற்கு முன்னாலேயே விலையைச் சொல்லிவிடுவாள், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. அதற்கப்புறம் உள்ளே பூதமே இருந்தாலும் அந்த விலைதான்; கூடுதல் செலவு அவள் கையைக் கடிக்கும். உடைந்த திரையைக் குப்பையில் போடாமல் உடையவர் கையிலேயே கொடுத்துவிடுவாள், மாற்றியது உண்மைதானா என்று அவர் சந்தேகப்படக் கூடாது என்பதற்காக.

இந்தச் சட்டத்தைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்கிறவர் ஒருவர் உண்டு. அவர்தான் என் வீட்டுக்காரர் ராசாங்கம்.

அவர் மாட்டுத் தரகர். சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துப் போர்த்தி, அதற்குள் இருவரும் கைகொடுத்து, விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். எந்த விரலைப் பிடித்தார், எத்தனை விரலைப் பிடித்தார் என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். துண்டுக்குள் நடந்ததை வெளியே சொன்னவன் மறுநாள் சந்தைப் பக்கம் தலைகாட்ட முடியாது. அவருடைய துண்டை நான்கூட வேறு எதற்கும் எடுக்கக் கூடாது. கை துடைத்தால்கூடக் கத்துவார். அவ்வளவு மரியாதை அதற்கு.

"வெலையை இப்புடித் தண்டோரா போட்டுச் சொன்னா யாவாரம் எப்புடிம்மா நடக்கும்? ரெண்டு பங்கு ஏத்திச் சொல்லணும். அவன் பாதி கேப்பான். நாம எறங்குற மாதிரி எறங்கி நடுவுல முடிக்கணும். வாங்குனவனுக்கும் கொறைச்சோம்னு ஒரு சந்தோசம் வேணும்ல?" என்பார்.

"கொறைக்கிறதுக்காக ஏத்துறதுக்கு, ஏத்தாமலே இருந்துடலாமே மாமா" என்பாள் அவள்.

"சின்னப் புள்ள" என்று என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

போன ஆடி மாதத்தில் ஒரு நாள் சாமான் வாங்க அவள் திருச்சிக்குப் போக வேண்டியிருந்தது. வழக்கமாகக் கடையைச் சாத்திவிட்டுத்தான் போவாள். அன்றைக்கு இவர், "நான் சும்மாதானே இருக்கேன், உக்காந்துக்கறேன்" என்றார். அவளும் சரி என்றாள். போகும்போது வாசலில் நின்று, "மாமா, யாராச்சும் வந்தா லேப்டாப்பை வாங்கி வைங்க. வெலை மட்டும் சொல்லிடாதீங்க. நான் வந்து சொல்லிக்கறேன்" என்று படித்துப் படித்துச் சொன்னாள். இவரும் தலையைத் தலையை ஆட்டினார்.

பதினோரு மணி இருக்கும். லப்பைக்குடிகாட்டிலிருந்து ஒரு பாயும் அவருடைய மகளும் வந்தார்கள். பாய் பெயர் கவுஸ். மகள் ஃபைஸா, பி.காம் முடித்த பெண். அவர்கள் கொண்டுவந்த லேப்டாப்பைத் திறந்தால், திரையில் மூலையிலிருந்து கறுப்பு மை கொட்டிக் கிடக்கிற மாதிரி இருந்தது. துபாயிலிருந்து அவளுடைய அண்ணன் காமில் ஊருக்கு வருகிற ஆள்கிட்டே கொடுத்துவிட்டதாம். அட்டைப்பெட்டியில் கம்பளிக்கும் பால்பவுடர் டப்பாவுக்கும் நடுவில் இதைச் சொருகி, பெட்டி மேல் காலை வைத்து மிதித்துக் கயிற்றை இறுக்கியிருக்கிறான்.

"கம்பளி இருக்குல்ல, ஒண்ணும் ஆகாதுன்னு நெனைச்சானாம் எம் மவன். அவ்ளோ அறிவு" என்றார் பாய்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் அவளுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றோடு ஆன்லைனில் இன்டர்வியூ. கம்ப்யூட்டரில் பரீட்சை மாதிரி ஏதோ செய்து காட்ட வேண்டுமாம், போனில் நடக்காதாம். "இன்னைக்கே கெடைக்குமாங்க?" என்று அவள் கேட்டாள். "சாயந்தரம் கெடைச்சிடும்மா" என்றேன் நான்.

"எவ்வளவுங்க ஆகும்?" என்றார் பாய்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை ஒரு உதறு உதறினார். சந்தையில் நிற்கிற நினைப்பு வந்துவிட்டது மனிதருக்கு. அந்த மாதிரி திரைக்கு மருமகள் நாலாயிரத்து ஐநூறு சொல்வதை அவர் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார். வாய் கூசாமல், "ஒம்பதாயிரம் ஆகுங்க பாய்" என்றார்.

சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார், அவர் பாதி கேட்பார், நாம் இறங்குவோம் என்று. பாய் கேட்கவில்லை.

"சரிங்க. மாத்தி வைங்க. சாயந்தரம் அஸர் தொழுதுட்டு வரேன்" என்றார்.

இவர் திகைத்துப்போய், "சரியா? ஒண்ணும் கொறைச்சுக் கேக்கலையா பாய்?" என்று அவரே எடுத்துக்கொடுத்தார்.

"எங்க தெருவுல ரெண்டு பேரு இங்கதான் செஞ்சிட்டு வந்தாங்க. இந்தக் கடையில பேரம் கெடையாது, சொல்றதுதான் வெலைன்னு சொல்லித்தான் அனுப்புனாங்க" என்று சொல்லிவிட்டு மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் பிடித்துக்கொண்டேன் இவரை. "என்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க? அந்தப் புள்ள என்னா சொல்லிட்டுப் போச்சு?"

அவர் காதில் அது விழவே இல்லை. ஈ ஆடவில்லை முகத்தில். "மொத வெலைக்கே ஒத்துக்கிட்டாரே அம்சா. அப்ப நான் கொறைச்சுல்ல சொல்லிட்டேன்! பன்னெண்டு சொல்லிருக்கணுமோ?" என்றார். அடக் கடவுளே, இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் முட்டிக்கொள்வது!

மூன்று மணிக்கு வெற்றிச்செல்வி வந்தாள். தோளில் பை, முகமெல்லாம் பஸ் தூசி. "ஒம்பதுக்கு முடிச்சிருக்கேன்மா" என்று இவர் பெருமையாக ஆரம்பித்தார். அவள் லேப்டாப்பைத் திருப்பி, பின்னால் இருந்த மாடல் எண்ணைப் பார்த்தாள். பையை இன்னும் கீழே வைக்கவில்லை.

"இதுக்கு நாலரைதானே மாமா."

"தெரியும்மா. கொறைப்பாருன்னுதான் ஏத்துனேன். அவரு கொறைக்கலை. அதுக்கு நான் என்னா பண்றது?"

அவள் கோபப்பட்டிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அந்த அளவுத் திரை அவள் பையிலேயே இரண்டு இருந்தது. அரை மணி நேர வேலை. ஆனால் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இன்னும் ஒசந்ததா ஒரு டிஸ்ப்ளே போட்டுக் குடுத்துடேன் தாயி. சரியாப் போயிடும்" என்றேன்.

"கேக்காததை அவங்க தலையில கட்டுறதா அத்தை?"

பக்கத்துக் கடை ஜெயப்பிரகாஷ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அவன் காதுக்குப் போனது பஸ் ஸ்டாண்டு முழுக்கப் போய்விடும். தலையை நீட்டி, "தள்ளுபடின்னு சொல்லி நாலரை வாங்கிட்டு அனுப்பிடு தங்கச்சி" என்றான்.

"தள்ளுபடின்னு சொன்னா ஒம்பதுதான் வெலைன்னு ஆயிடும்ணே. அது இன்னொரு பொய்."

இவர் மெல்ல இருமினார். "நீதானேம்மா சொல்லுவ, திருகைக் கழட்டுறதுக்கு முன்னாடி சொன்ன வெலைதான்னு. நானும் முன்னாடிதான் சொன்னேன்."

அந்தப் பேச்சு அவளைக் குத்திவிட்டது. ஒன்பது வாங்கினால் அது வழிப்பறி. நாலரை வாங்கினால், சொன்ன விலை இறங்கிவிட்டது என்று ஆகிவிடும். அவருக்குக் குறைத்தாயே, எனக்கும் குறை என்று நாளையிலிருந்து ஒவ்வொருத்தரும் வந்து நிற்பார்கள். இத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றிய பெயர் ஒரே நாளில் கைவிட்டுப் போகப் பார்த்தது. அவள், "இன்னும் திருகைக் கழட்டலையே மாமா. அது ஒண்ணுதான் நல்லது. வெலையை இப்பவும் திருத்திச் சொல்லலாம்" என்றாள்.

பாய் சொன்னபடி அஸர் தொழுதுவிட்டு மகளோடு வந்தார். கடையில் அப்போது கீபோர்டு மாற்ற வந்த காலேஜ் பிள்ளைகள் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவர்களை அனுப்பிவிட்டு ரகசியமாகப் பேசியிருக்கலாம். அவள் எழுந்து நின்று, எப்போதும் விலை சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"பாய், காலையில எங்க கடையில வெலையைத் தப்பா சொல்லிட்டோங்க. இதுக்கு வெலை நாலாயிரத்து ஐநூறு. நீங்க சரின்னு சொன்னாதான் வேலையைத் தொடங்கணும்னு வெச்சிருக்கேன்."

மாமனார் சொன்னார் என்று அவள் சொல்லவில்லை. கடையில் சொன்னோம் என்றாள். என் வீட்டுக்காரர் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து துண்டின் முனையைத் திருகிக்கொண்டிருந்தார்.

பாதி காசு மிச்சமானால் சந்தோஷப்படுவார்கள் என்றுதானே நினைப்போம்? பாயின் முகம் மாறிவிட்டது. அவர் யாவாரக் குடும்பத்தில் பிறந்தவர், வெளிநாட்டில் கடை வைத்து நடத்திவிட்டு வந்தவர்.

"காலையில ஒம்பது, சாயந்தரம் நாலரையா? அப்ப ராத்திரி வந்தா ரெண்டா?" என்றார்.

காலேஜ் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

"இல்லீங்க பாய். நாலரைதான்."

"பேரமே இல்லைன்னாங்க. இப்ப நீயே பாதிக்குப் பாதி எறங்குற. இன்னும் எறங்கும்போலத்தானே இருக்கு? மூணு வெச்சுக்க. முடி."

எந்த இடத்தில் இடிக்கும் என்று பயந்தேனோ அதே இடத்தில் இடித்தது. ஜெயப்பிரகாஷ் ஜெராக்ஸ் மெஷினையே நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது நூறு ரூபாய் இறங்கினாலும் போச்சு. ஒரு வார்த்தை, மாமா செய்த வேலை என்று சொல்லியிருந்தால் தப்பித்திருப்பாள். அதையும் சொல்ல மாட்டேன் என்கிறாள் பாவி மகள்.

"முடியாதுங்க. வேணாம்னா லேப்டாப் அப்புடியேதான் இருக்கு. எடுத்துட்டுப் போங்க. வேற கடையில கேட்டுப் பாருங்க, தப்பா நெனைச்சுக்க மாட்டேன்" என்று எடுத்து நீட்டினாள்.

"அத்தா, நாளைக்குக் காலையில..." என்றாள் ஃபைஸா.

"நீ சும்மா இரு புள்ள. ரெண்டு வெலை சொல்ற கடை நமக்கு வேணாம்" என்று பாய் லேப்டாப்பைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

அப்போதுதான் ஸ்டூல் கிறீச்சிட்டது. இவர் எழுந்துவிட்டார்.

"பாய், ஒரு நிமிசம் இருங்க" என்றார். "ரெண்டு வெலை சொன்னது இந்தப் புள்ள இல்ல. காலையில சொன்னவன் நான். நான் மாட்டுத் தரகன். ஏத்திச் சொல்லி எறக்குறதுதான் என் தொழிலு. இதோட வெலை நாலரைன்னு எனக்கு அப்பவே தெரியும். மேல இருந்ததெல்லாம் என் வாயி போட்டது. வெலை மட்டும் சொல்லாதீங்க மாமான்னு கும்புடாத கொறையாச் சொல்லிட்டுதான் போச்சு. நான்தான் கேக்கல. இது சொல்ற வெலையில கொறைக்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது பாய். நானும் எத்தனையோ தடவை பாத்துட்டேன்."

உள்விலையைத் துண்டுக்கு வெளியே சொல்லாத மனிதர். பெற்ற மகனிடம்கூடச் சொன்னதில்லை. நடுச்சந்தில், காலேஜ் பிள்ளைகளுக்கு முன்னால், போட்டு உடைத்துவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. கட்டிய நாளிலிருந்து இந்த மனிதரோடு சண்டை போட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் அவர் பெண்டாட்டி என்று சொல்லிக்கொள்ள அவ்வளவு பெருமையாக இருந்தது.

பாய் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருமகளைப் பார்த்தார். "இதை ஏம்மா நீ சொல்லல?"

"கடை என்னுதுங்க. கடையில சொன்னா நான் சொன்ன மாதிரிதான்" என்றாள்.

பாய் ஜிப்பைத் திறந்தார். லேப்டாப்பை எடுத்து மேசைமேல் வைத்தார். "அண்ணே, மாடு வாங்கணும்னா சத்தியமா உங்ககிட்ட வர மாட்டேன்" என்று இவரிடம் சொன்னார். "லேப்டாப்னா இங்கதான். நாலரையே வெச்சுக்கம்மா. கழட்டு."

எல்லாரும் சிரித்தோம். இவரும் சிரித்தார். வெற்றிச்செல்வி அவசரமாக மேசையை ஒழித்தாள். திரையில் கீறல் விழாமல் இருக்க எப்போதும் விரிக்கிற துணியைத் திருச்சிப் பைக்குள்ளே எங்கேயோ திணித்திருந்தாள், கிடைக்கவில்லை.

"மாமா, அந்தத் துண்டைக் குடுங்க" என்றாள்.

கை துடைத்தால்கூடக் கத்துகிற மனிதர் தோளிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதை மேசையில் விரித்து, லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்து, முதல் திருகைக் கழற்றினாள்.

புதுத் திரையில் வெளிச்சம் வந்தபோது ஃபைஸா, "அல்ஹம்துலில்லாஹ்" என்று இறைவனுக்கு நன்றி சொல்லி நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள். உடைந்த பழைய திரையை வழக்கம்போல அவள் கையில் கொடுத்தாள் என் மருமகள். "காமில் வரட்டும், இதை அவன் ரூம்ல மாட்டி வைக்கிறேன்" என்றார் பாய். அந்தப் பெண் இன்டர்வியூவில் முதல் சுற்றுத் தேறிவிட்டதாகப் போன் செய்தாள். இன்னொரு சுற்று இருக்கிறது என்றாள், நானும் முருகனிடம் சொல்லி வைத்தேன். அதற்கப்புறம் லப்பைக்குடிகாட்டிலிருந்து வருகிறவர்கள் யாரும் எங்கள் கடையில் விலையைக் குறைத்துக் கேட்பதில்லை.

திரை மாற்றிய அன்றைக்குச் சாயந்தரம், வீடு திரும்பும் செட்டிகுளம் பஸ்ஸில் மருமகள் முன் சீட்டில் ஜன்னல் கம்பியில் தலைசாய்த்துத் தூங்கிவிட்டாள். இவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். துண்டு மடியில் கிடந்தது.

"அம்சா" என்றார். "நாப்பது வருசமா வெலை பேசுறேன். நான் சொன்ன மொத வெலைக்கு ஒருத்தன்கூட சரின்னதில்ல. இன்னைக்குத்தான் ஒரு மனுசன் சரின்னாரு."

"அதுக்கென்னா இப்போ? பன்னெண்டு சொல்லிருக்கணுமா?" என்று எரிந்து விழுந்தேன்.

"இல்ல புள்ள" என்று முன் சீட்டில் தூங்குகிறவளைக் காட்டினார். "அவரு எனக்குச் சரின்னு சொல்லல. அதுக்குச் சொல்லிருக்காரு. அது கடையில இல்லாதப்பவே."